ஐந்து ஏக்கர் சரிவு நிலத்தில் சொந்தமாக மலை சைக்கிள் ட்ரெயில் போடுவது எப்படி?

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது. ஏறக்குறைய 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் சுமார் 40 மீட்டர் உயர வித்தியாசம். நானும் என் பையன்களும் மலை சைக்கிள் (எம்டிபி) ஓட்ட அங்கேயே ஒரு ட்ரெயில் (மண்பாதை) போடலாம் என்று இருக்கிறோம். ஜேசிபி வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தாராளமாகப் போடலாம். ஐந்து ஏக்கரும் 40 மீட்டர் இறக்கமும் இருப்பது பெரிய கொடுப்பினை. ஆனால் ஜேசிபிக்காரரை இப்போதைக்குக் கூப்பிட வேண்டாம். முதலில் ஒரு நல்ல மழை பெய்யட்டும். இடி மின்னல் அடங்கியதும், தரையில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிலம் முழுக்க நடந்து பாருங்கள். மேல் நிலத்திலிருந்து உங்கள் நிலத்துக்குள் தண்ணீர் எங்கே நுழைகிறது, எந்த மடிப்பில் சேர்ந்து ஓடையாகிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்த்து, அந்த இடங்களில் எல்லாம் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். ட்ரெயில் வரைபடத்தில் முதல் கோடு தண்ணீர் போடும் கோடுதான். உங்கள் கோடு அதற்கு அப்புறம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சைக்கிள் டயர் மண்ணை இளக்கும், அவ்வளவுதான். அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போவது தண்ணீர். சேர்வராயன் மலைப் பக்கம் நடந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்: சரிவில் நேர் கீழாக இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதை சில வருடங்களில் முழங்கால் ஆழத்துக்குப் போய்விடும். வேரும் கல்லும் துருத்திக்கொண்டு நிற்கும். நடக்க முடியாமல் ஜனங்கள் அதன் பக்கத்திலேயே இன்னொரு தடம் போடுவார்கள், அடுத்த மழைக்கு அதுவும் ஓடையாகும். பாதை சரிவோடு நேராக இறங்கினால் அதில் விழுந்த தண்ணீருக்கு வெளியேற வழியே இல்லை. கடைசி வரை பாதையிலேயே ஓடி, போகப் போக வேகம் எடுத்து அரிக்கும். சரிவுக்குக் குறுக்காகப் போகும் பாதையில் தண்ணீர் ஒரு பக்கமாக வந்து மறுபக்கமாக விழுந்துவிடும்.

பையன்கள் நேராக இறங்கத்தான் கேட்பார்கள். இந்த விளையாட்டே அப்படித்தான் தொடங்கியது. 1976-ல் கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு வெளியே இருந்த ஒரு தீத்தடுப்பு மண்சாலையில்தான் அந்தப் புகழ்பெற்ற ரீபேக் போட்டிகள் ஆரம்பித்தன. இறக்கம் அவ்வளவு செங்குத்து. பழைய சைக்கிள்களின் கோஸ்டர் ப்ரேக்கில் (பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள் பிடிக்கும் ப்ரேக்) இருந்த கிரீஸ் சூட்டில் எரிந்து போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். ரீபேக் என்றால் மறுபடி அடைப்பது, அதனால்தான் அந்தப் பெயர். சைக்கிளுக்கென்று தனியாகப் பாதை வெட்டும் கலை அதற்கு வெகு காலம் கழித்து வளர்ந்தது. 1988-ல் தொடங்கிய ஐஎம்பிஏ என்ற சர்வதேச மலை சைக்கிள் சங்கம் அதை விதிகளாகத் தொகுத்துப் பரப்பியது. கீழே நான் சொல்லும் அளவுகளில் பல அந்த மரபில் வந்தவை. மண் எந்த நாட்டில் இருந்தாலும் தண்ணீர் ஒரே மாதிரிதான் ஓடும் என்பதால் இங்கேயும் பொருந்துகின்றன.

முதல் விதி சாய்வு. கிடைமட்டமாக 100 மீட்டர் போவதற்குள் 10 மீட்டர் ஏறினால் அது 10 சதவீதச் சாய்வு. ட்ரெயிலின் சாய்வு, அது கடக்கும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீர் ட்ரெயிலைக் குறுக்கே கடக்காமல் அதன் வழியாகவே ஓட ஆரம்பிக்கும். உங்கள் நிலம் 200 மீட்டரில் 40 மீட்டர் இறங்குகிறது, அதாவது சராசரி 20 சதவீதம். எனவே 10 சதவீதம் உங்களுக்கு உச்ச வரம்பு. வழி நெடுக சராசரியாக 6 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கும் சரியாக இருக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 40 மீட்டர் இறக்கத்தை 6 சதவீதத்தில் இறங்கினால் சுமார் 670 மீட்டர் நீளம் வரும். திரும்பி ஏறுவதற்கும் அதே சாய்வில் அதே நீளம். ஆக ஒரு சுற்று ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர். ஐந்து ஏக்கர் என்பது சுமார் 20,000 சதுர மீட்டர். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு இடையே 15 மீட்டர் இடைவெளி விட்டால் இந்த 1.3 கிலோமீட்டரிலேயே நிலம் நிரம்பிவிடும். இதற்கு மேல் திணிக்க ஆசைப்படாதீர்கள். கோடுகள் நெருங்கினால் மேல் பாதையின் தண்ணீர் கீழ்ப் பாதையின் தலையில் விழும், ஓட்டுபவர்களும் குறுக்கு வழி போட்டுவிடுவார்கள்.

சாய்வு அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மொபைலில் சாய்வுமானி செயலி இருக்கிறது. இன்னும் நம்பகமாக வேண்டுமென்றால் கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் டியூப் மட்டம் போதும். இரண்டு குச்சிகளை 10 மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, டியூபில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, 60 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும் இடத்தில் கலர் துணியைக் கட்டுங்கள். அதுதான் 6 சதவீதம். இப்படியே மேலிருந்து கீழ் வரை. கோடு கட்டி முடித்ததும் நாலைந்து தடவை மேலும் கீழும் நடந்து, ஓடிப் பார்த்து, துணிகளை மாற்றி மாற்றிக் கட்டுங்கள். நல்ல பாறை, நிழல் தரும் மரம், சேலம் பக்கம் திறக்கும் காட்சி எதையாவது தொட்டுப் போகிற மாதிரி வளையுங்கள். துணியை நகர்த்துவது இலவசம், வெட்டிய மண்ணை நகர்த்துவது முதுகை ஒடிக்கும். இந்த வேலைக்கே சில வாரங்கள் கொடுத்தாலும் தகும்.

ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும்: ட்ரெயில் போட மிக மோசமான இடம் சமதரை. சுலபமாக இருக்கிறதே என்று எல்லாரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் அங்கே தண்ணீர் வெளியேற எந்தப் பக்கமும் சரிவு இல்லை. டயர் பட்டுத் தரை ஒரு அங்குலம் தாழ்ந்தாலே குட்டை, குட்டையைச் சுற்றிப் போய்ப் போய்ப் பாதை அகலமாகிச் சேறாகும். நிலத்தின் கீழ்க்கோடியில் இருக்கும் சமதளத்தை வண்டி நிறுத்தவும் பம்ப் ட்ராக் (மிதிக்காமல் உடம்பை அமுக்கியே ஓட்டும் மேடுபள்ளச் சுற்று) போடவும் வைத்துக்கொண்டு, ட்ரெயிலைச் சரிவின் விலாவிலேயே ஓட விடுங்கள்.

அடுத்தது வெட்டுவது. முதலில் சருகையும் மக்கு மண்ணையும் பல் வாரியால் இழுத்து ஓரமாகச் சேர்த்து வையுங்கள், பிறகு உதவும். மக்கு மண் தண்ணீரைப் பிடித்து வைத்துச் சொதசொதவென்று ஆகும், அதன் மேல் பாதை நிற்காது. அடியில் இருக்கும் கெட்டி மண் வரும் வரை போகவேண்டும். பிறகு சரிவின் உடம்பில் ஒரு படி மாதிரி வெட்டுங்கள். முழு அகலமும் வெட்டிய, அசையாத மண்ணில் இருக்க வேண்டும். நிறைய பேர் பாதி அகலத்தை வெட்டி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டி மீதி அகலத்தை உருவாக்குவார்கள். வேலை பாதிதான். ஆனால் கொட்டிய பாதி முதல் பெருமழைக்கே இறங்கிவிடும், வேகமாக வருபவரின் சக்கரம் அதில்தான் போய் மாட்டும். 90 சென்டிமீட்டர் அகலப் பாதைக்கு, 20 சதவீதச் சரிவில், உள் ஓரத்தில் சுமார் 14 சென்டிமீட்டர்தான் வெட்ட வேண்டியிருக்கும். நிலத்தில் 40 சதவீதம் வரும் செங்குத்துப் பகுதி இருந்தால் அங்கே 30 சென்டிமீட்டரைத் தாண்டும். உள்பக்க மண்சுவரை நெட்டாக விடாமல் 45 டிகிரிக்குச் சாய்த்துச் சீவுங்கள். ஓரமாக வைத்த மக்கு மண்ணை அதன் மேல் பூசினால் புல் பிடித்துக்கொள்ளும்.

பாதையின் மேற்பரப்பை வெளிப்பக்கமாக 5 சதவீதம் சாய்த்து விடுங்கள், அதாவது 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு நாலரை சென்டிமீட்டர். ஓட்டுக்கூரையில் விழும் மழை மாதிரி தண்ணீர் மெல்லிய படலமாக வழுக்கி வெளியே போகவேண்டும். வெட்டிய மண்ணை வெளி ஓரத்தில் வரப்பாகக் குவிய விடாதீர்கள். பார்க்கப் பாதுகாப்புச் சுவர் மாதிரி இருக்கும். ஆனால் அது தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துப் பாதையை வாய்க்காலாக மாற்றிவிடும். மண்ணைச் சரிவில் நன்றாகத் தள்ளிப் பரப்பி வீசுங்கள்.

இந்த வெளிச்சாய்வு நிரந்தரமாக இருக்காது. ஓட்ட ஓட்ட நடுவில் ஒரு தடம் குழியும், தண்ணீர் அதில் ஓடப் பார்க்கும். அங்கேதான் எனக்கு இந்தக் கலையிலேயே மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. இறங்கிக்கொண்டே வரும் பாதை ஓரிடத்தில் கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி இறங்க வேண்டும். 6 முதல் 15 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வழி நெடுக இப்படி ஏற்றத் திருப்பங்கள் வேண்டும். தண்ணீர் மேட்டில் ஏறாது. அதற்கு முன்னால் இருக்கும் தாழ்வில் நின்று, வெளிச்சரிவு வழியாகப் போய்விடும். வயலில் மடை திறந்துவிட்ட ஆளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதனால் எந்த இடத்திலும் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் தண்ணீர் சேர்ந்து ஓடாது, சேராத தண்ணீருக்கு அரிக்கும் பலம் இல்லை. தாழ்வின் வெளிவாய் ஒரு மீட்டருக்குக் குறையாமல் அகலமாகத் திறந்திருக்கட்டும். குறுகலாக விட்டால் சருகு அடைத்துக்கொள்ளும்.

இப்போது அதே இடத்தைச் சைக்கிளிலிருந்து யோசித்துப் பாருங்கள். தாழ்வில் உடம்பை அமுக்கி, மேட்டில் தளர்த்தி, பெடல் மிதிக்காமலேயே வேகம் எடுக்கலாம். வயிறு ஒரு கணம் மிதக்கும். ட்ரெயில் ஓட்டுகிறவர்கள் உயிரை விடுவது இந்த ஆட்டத்துக்குத்தான். தண்ணீரை வெளியே தள்ளும் வடிவமும் ஓட்டுபவருக்குச் சந்தோஷம் தரும் வடிவமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. அதனால் நல்ல வடிகால் போட்டவரின் ட்ரெயில் ஓட்டவும் நன்றாகவே இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்தத் திருப்பங்களைத் துணி கட்டும்போதே கோட்டில் கொண்டுவர வேண்டும். அதாவது பாதையே சரிவில் சற்று மேலேறி இறங்க வேண்டும். பாதை போட்டபின் குறுக்கே மண் கொட்டி மேடு கட்டினால் டயர் அதைத் தேய்த்துத் தள்ளிவிடும்.

வளைவுகளுக்கும் இது உதவும். வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன ஏற்றம் வைத்தால் வேகம் தானாகக் குறையும், ப்ரேக் பிடிக்கத் தேவை வராது. ப்ரேக் பிடிக்கும் இடங்களில்தான் சக்கரம் இழுபட்டுத் தரை அலை அலையாகக் கெடும். நீண்ட நேர் இறக்கத்தின் முடிவில் திடீர் வளைவு வைப்பதைத் தவிருங்கள், அடிபடுவது அங்கேதான். வளைவுகளை நிலத்தில் இருப்பதிலேயே மிதமான சரிவுள்ள இடத்தில் அமையுங்கள். ஆரம் 3, 4 மீட்டருக்குக் குறையவேண்டாம். வெளிப்பக்கம் மண் அணைத்துப் பெர்ம் கட்டினால் சாய்ந்து திரும்பலாம். ஆனால் பெர்ம் உள்நோக்கிச் சாய்வதால் தண்ணீரை வாரிச் சேர்க்கும். எனவே வளைவில் நுழையும் முன் ஒரு ஏற்றத் திருப்பம், வெளியேறியதும் ஒன்று, கட்டாயம்.

பெர்முக்கும், ரோலர் என்ற வழவழப்பான தொடர் மேடுகளுக்கும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டிக் குவிக்காதீர்கள். 10, 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்கு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து, அப்புறம் அடுத்த அடுக்கு. சருகோ வேரோ உள்ளே போனால் மக்கியதும் அந்த இடம் உள்வாங்கும். ரோலர்களின் உயரத்தைப் போல் சுமார் பத்து மடங்கு இடைவெளி விடுங்கள். 30 சென்டிமீட்டர் உயரமென்றால் மேட்டுக்கு மேடு 3 மீட்டர். தாவல் வேண்டுமென்று பையன்கள் கேட்டால் டேபிள்டாப் (உச்சி சமமான தாவல் மேடு) மட்டும் கட்டுங்கள், நடுவில் பள்ளம் விட்ட தாவல் வேண்டாம். டேபிள்டாப்பில் தூரம் போதாமல் விழுந்தாலும் நடுவில் மண்மேடை இருக்கிறது.

மண் விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சரளை கலந்த செம்மண் நன்றாக இறுகும், சீக்கிரம் உலரும். கொஞ்சம் ஈரமான மண்ணைக் கையில் பிடித்து உருட்டுங்கள்: உருண்டை உடையாமல் நின்றால், ஆனால் கையில் ஒட்டிப் பிசுபிசுக்கவில்லை என்றால், அதுதான் வேலைக்கான பதம். கோடையில் வெட்டினால் மண் தூளாகிவிடும், இறுகவே இறுகாது. துணி கட்டும் வேலையைக் கோடையில் வைத்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழையின் பலம் குறைந்து தரையில் ஈரம் மட்டும் மிச்சமிருக்கும் டிசம்பர் கடைசி, ஜனவரியில் வெட்டுங்கள். மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, அரிவாள், பல் வாரி, திமிசுக்கட்டை போதும். வெளிநாட்டு ட்ரெயில்காரர்கள் புலாஸ்கி என்று ஒன்றை வைத்திருப்பார்கள், ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் கொத்து. அமெரிக்க வனத்துறையில் தீயணைத்த எட் புலாஸ்கியின் பெயரில் வழங்குவது. நம் பட்டறையில் ஆசாரியிடம் சொன்னால் அடித்துத் தருவார், ஆனால் அவசியம் இல்லை. ஒரு ஆள் ஒரு நாளில் பத்து முதல் இருபது மீட்டர் முடித்தாலே நல்ல வேலை.

சரி, ஜேசிபி. அந்த வண்டியே இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். அது போகவே ஒரு சாலை வெட்ட வேண்டும். 90 சென்டிமீட்டர் பாதைக்காகச் சரிவில் இரண்டரை மீட்டர் அகலத்துக்கு மண்ணை எடுத்தால் உள்பக்கச் சுவர் முழங்கால் உயரத்துக்கும், 40 சதவீதச் சரிவில் இடுப்பு உயரத்துக்கும் போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெட்டிய சரிவு அடைமழையில் என்ன செய்யும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. இயந்திரம் வேண்டும் என்றால் ஒரு மீட்டர் அகலமுள்ள மினி எக்ஸ்கவேட்டர் கிடைக்கிறதா பாருங்கள். அதையும் பம்ப் ட்ராக்கின் மண்ணைக் குவிக்க வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் கையால் வெட்டுவதே மேல்.

எந்த முறையானாலும், தொடங்கும் முன் பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு எல்லைக் கல்லைத் தேடுங்கள். அடிவார நிலங்கள் பல காப்புக்காட்டை ஒட்டியவை. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு மண்வெட்டி போட்டாலும் வனச் சட்டத்தின் கீழ் குற்றம், சைக்கிளை ஓட்டிக்கொண்டு உள்ளே போகவும் அனுமதி வேண்டும். 2018-ல் குரங்கணித் தீயில் பலர் இறந்தபின் மலையேற்றத்துக்கே அரசு தனி விதிகள் போட்டது நினைவிருக்கும். உங்கள் கிராமம் ஹாக்கா என்ற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் வருகிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வந்தால் மண் வேலைக்கு முன் எழுத்தில் அனுமதி பெறுவது நல்லது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தை வெட்டுவதற்கும் 1955 சட்டப்படி அனுமதி தேவை, சந்தன மரத்தைப் பட்டா நிலத்தில்கூட வனத்துறை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. உண்மையில் மரம் வெட்டவே வேண்டியதில்லை, கோட்டை வளைத்தால் போதும். உண்ணிச்செடியைத் தாராளமாக வேரோடு பிடுங்குங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். உங்கள் வடிகால் எதுவும் அவர் நிலத்தில் புதிதாகத் தண்ணீர் விடக்கூடாது.

ஓடையைக் கடக்க மரப்பாலம் போடலாமா என்ற யோசனை வரும். கனடாவில் வான்கூவர் நார்த் ஷோர் மலைகளில் ஈரக்காட்டைக் கடக்க ஏணி மாதிரி மரப்பாலங்கள் கட்டி, அதுவே உலகம் முழுக்க ஒரு பாணியாகிவிட்டது. ஆனால் நம் ஊரில் கரையான் இருக்கிறது. மேலே பார்க்க நன்றாக இருக்கும் பலகை அடியில் கூடாகியிருக்கும், அதன் மேல் குழந்தை போகும். நான் கல்லைத்தான் சொல்வேன். வேல்ஸில் கோய்ட் இ பிரெனின் காட்டில், ஓயாத மழைக்குத் தாங்கும்படி கல் பரப்பிய ட்ரெயில்கள் இருக்கின்றன. உங்கள் நிலத்தில் கல்லுக்குப் பஞ்சமே இருக்காது. பெரிய கற்களின் மூன்றில் இரண்டு பாகம் மண்ணுக்குள் போகும்படி நெருக்கிப் பதித்து, இடுக்கில் சரளை அடித்தால், ஓடைத் தண்ணீர் மேலே ஓடட்டும், ஒன்றும் ஆகாது.

பாதுகாப்பில் எனக்குப் பெரிய பயம் திறந்த கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு நிலத்தில் இருந்தால் முதலில் சுவர் கட்டுங்கள், கட்டிய பிறகும் ட்ரெயிலை அதிலிருந்து தள்ளியே வையுங்கள். முள்வேலியை ஒட்டி, குறிப்பாக வளைவின் வெளிப்பக்கம் வேலி வரும்படி, பாதை போகக்கூடாது. தலைக்கு மேல் இரண்டரை மீட்டர் வரை கிளை இல்லாமலும், இரண்டு பக்கமும் ஹேண்டில்பார் தாராளமாகப் போகும்படியும் இருக்கட்டும். வெட்டிய சிறு மரங்களின் கட்டையைக் கூர்முனையோடு விடாமல் தரைமட்டமாக எடுத்துவிடுங்கள். விரியன் பாம்புகள் உள்ள ஊர், எனவே ஓரத்துப் புல்லைக் குட்டையாக வைத்திருங்கள். காட்டெருமை இறங்கும் பக்கம் என்றால் விடியற்காலையிலும் அந்தியிலும் ஓட்டவேண்டாம். சீமைக்கருவேல், நெருஞ்சி முள்ளுக்கு ட்யூப்லெஸ் டயரில் சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

வேலையை மேலிருந்து கீழ்வரை ஒரேயடியாக இழுக்காதீர்கள். நடுவில் ஒரு வளைவும் நாலைந்து ஏற்றத் திருப்பங்களும் வரும் நூறு மீட்டரை மட்டும் முதலில் முடித்து, ஒரு கோடை மழையைப் பார்க்க விடுங்கள். மழை விட்டதும் போய்ப் பாருங்கள். தண்ணீர் தாழ்வுகளில் வெளியேறி, வெளிச்சரிவில் சருகை விசிறி மாதிரி பரப்பியிருந்தால் கோடு சரி, அதே முறையில் மீதியைப் போடலாம். பாதையின் நடுவில் விரல் அகலத்துக்கு ஓடிய தடம் தெரிந்தால் அதற்கு மேலே இருக்கும் தாழ்வு அடைத்திருக்கிறது அல்லது போதவில்லை என்று அர்த்தம். அப்போதே திறந்துவிடுங்கள். டயரில் மண் ஒட்டும் நாளில் ஓட்டாமல் இருப்பதும், பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை ஒவ்வொரு தாழ்வின் வாயையும் மண்வெட்டியால் சுத்தம் செய்வதும்தான் பராமரிப்பு. பையன்களுக்குச் சொந்தமாக ஆளுக்கொரு மண்வெட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.